மிளகுக் கண் வைத்த இட்லி

டப்பாவின் மூடியைத் திறந்ததும் உள்ளேயிருந்து இரண்டு முயல்கள் என்னைப் பார்த்தன. இட்லி முயல்கள். காதுக்குக் கேரட்டை நீளவாக்கில் சீவிச் செருகியிருந்தது. மீசைக்குத் தேங்காய்க் கீற்று. கண்ணுக்கு முழு மிளகு, பக்கத்துக்கு ஒன்றாக, அளவெடுத்துப் பதித்த மாதிரி. முயல்கள் மேய்வதற்கென்று கெட்டியாக அரைத்த புதினாச் சட்னியைப் புல்தரை போலப் பரப்பி, அதன் மேல் ஒரே ஒரு மாதுளை முத்து. கீரமங்கலத்தில் ஒரு தனியார் பள்ளியில் யூ.கே.ஜி. பிள்ளைகளுக்கு மிஸ்ஸாக இருக்கிறேன். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு டப்பா திறக்க வராது. பன்னிரண்டு பத்துக்கு மணி அடித்தால் முப்பது டப்பாவுக்கும் திறப்பு விழா நடத்துவது நான்தான். வறண்ட லெமன் சாதம், பிசுபிசுத்த நூடுல்ஸ், பொடி தடவிய இட்லி, காலையிலேயே உயிரை விட்ட தோசை எல்லாம் பார்த்துப் பழகிய கண் எனக்கு. அன்றைக்கு, பள்ளி திறந்த முதல் வாரத்தில், அந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

டப்பாவுக்குச் சொந்தக்காரி கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாப்பா என்றே அவளைச் சொல்கிறேன், வீட்டிலும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். எல்லாப் பிள்ளைகளும் பாதி சாப்பிட்டு முடித்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. பசிக்கலையா என்று கேட்டதற்கு, "இது என்னையவே பாக்குது மிஸ்" என்றாள். சரி, கண்தானே தொந்தரவு என்று நான் மிளகை எடுக்கப் போனேன். வகுப்பே திரும்பிப் பார்க்கிற மாதிரி வீறிட்டு அழுதாள். கண்ணைப் பிடுங்கினால் அதற்கு வலிக்குமாம். அப்படியானால் மூடி வைத்து வீட்டுக்குக் கொண்டு போ என்றேன். அதற்கும் தலையை ஆட்டினாள். "மிச்சம் வச்சா அம்மா அழுகும் மிஸ்." அடிக்குமா என்று கேட்டேன். "அடிக்காது. அழுகும்." அடிக்கிற அம்மாக்களை எனக்குத் தெரியும், இரண்டு வார்த்தை பேசிச் சரிக்கட்டிவிடலாம். அழுகிற அம்மாவை என்ன செய்வது என்று எனக்கு யோசனை ஓடவில்லை. என் டப்பாவில் இருந்த தயிர்சாதத்தை அவள் பக்கம் தள்ளினேன். ஐந்து நிமிஷத்தில் வழித்துத் தின்றாள். பிறகு தன் டப்பாவை என் பக்கம் நகர்த்தி, "நீங்க சாப்பிட்டுருங்க மிஸ்" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், பார்க்க மனசு வராமல்.

கரும்பலகைப் பக்கம் திரும்பி உட்கார்ந்து அந்த முயல்களைச் சாப்பிட்டேன். மாவில் வெந்தயம் கூடுதலாகப் போட்டு அரைத்த இட்லி, விரல் பட்டாலே பிய்கிற மென்மை. புதினாவோடு கொஞ்சம் நிலக்கடலை வறுத்து அரைத்திருந்தாள் பாப்பாவின் அம்மா, அந்த வாசனை மூக்கில் ஏறியது. அப்போது என் அம்மா இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கல்யாணம் எனக்குக் கூடிவரவில்லை, நானும் ஒரு கட்டத்துக்கு மேல் அதைத் தேடி ஓடவில்லை. கடைவீதிக்குப் பின்னால் இருக்கிற எங்கள் வீட்டில் ஒற்றை ஆளாக இருந்தேன், இப்போதும் இருக்கிறேன். ஒரு ஆளுக்குச் சமைப்பது சமையலே இல்லை, பாத்திரம் அழுக்காகாமல் வயிற்றை ஏமாற்றுகிற வேலை. கடைப் பரோட்டாவும் கல்யாணப் பந்தியும் கணக்கில் சேராது, அது யாருக்கு என்று தெரியாமல் செய்கிற சாப்பாடு. இன்னார் சாப்பிட வேண்டும் என்று நினைத்து ஒருத்தி நின்று செய்த சாப்பாடு மூன்று வருஷத்துக்குப் பிறகு என் வாயில் பட்டது. அந்த இன்னார் நான் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் ஒரு துணுக்கு மிச்சம் வைக்கவில்லை.

மறுநாளும் அதே கதைதான். அடுத்த வாரமும். பாப்பாவின் அம்மாவைப் பள்ளிக்கூட கேட்டில் பார்த்து வைத்தேன். ஒல்லியான பெண், முப்பது இருக்கும். ஸ்கூட்டியை நிறுத்தி, பிள்ளையை இறக்கி, சாப்பாட்டுப் பையை நேராக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துக் கையில் கொடுப்பாள். பை சாய்ந்தால் முயல் சாய்ந்துவிடுமே. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கட்டட வேலை. மாமியார் வீட்டோடு ஏதோ மனத்தாங்கல், பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் மாடியில் வாடகைக்கு இருந்தாள். கேட்டில் நிற்கிற மற்ற அம்மாக்களோடு அவள் நின்று பேசி நான் பார்த்ததில்லை. ஆனால் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் அவள்தான் ராணி. தினமும் காலை எட்டரைக்கு அன்றைய டப்பாவின் போட்டோ வந்து விழும். கீழே மற்றவர்கள், "எப்படிங்க இதெல்லாம்", "எங்க வீட்டுல இதைக் காட்டி என்னையத் திட்டுறாங்க", "ஐடியா குடுங்க சிஸ்டர்" என்று வரிசையாக எழுதுவார்கள். அவள் பதிலுக்கு ஒரு கும்பிடு மட்டும் போடுவாள். யாராவது வற்புறுத்திக் கேட்டால் செய்முறை எழுதுவாள், கிள்ளி வைத்த மாதிரிச் சுருக்கமாக. பீட்ரூட் சாறு விட்டுத் தோசை மாவைக் கலக்கவும், தண்ணீர் விட வேண்டாம். முருங்கைக்கீரை அடையைச் சூடாக இருக்கும்போதே வெட்டினால் நட்சத்திர முனை பிய்யாது. பலாக்கொட்டையை வேகவைத்து மசித்தால் கட்லெட்டுக்கு உருளைக்கிழங்கு தேவையில்லை. இப்படி.

அத்தனையும் நான் சாப்பிட்டேன். குரூப்பில் நாற்பது பேர் பார்த்து ஏங்கியதை நான் ஒருத்தி உட்கார்ந்து தின்றேன். இடியாப்பத்தில் குருவிக்கூடு கட்டி, உள்ளே பச்சைப் பட்டாணி முட்டை வைத்து, ஓரத்தில் பன்னீர்த் துண்டில் ஒரு குருவி. கேப்பை மாவில் யானை, தும்பிக்கைக்கு வெண்டைக்காய். குழிப்பணியாரத்தை ஈர்க்குச்சியில் கோத்து ஒரு கம்பளிப்பூச்சி. சப்பாத்திக்குள் வேர்க்கடலைப் பொடியும் வெல்லமும் தடவிச் சுருட்டி நத்தை. எது செய்தாலும் கண் வைத்துவிடுவாள். மிளகு, கடுகு, சில நாள் கறுப்பு எள். நாளாக ஆக எனக்கு அவள் மனநிலை நாக்கில் தெரிய ஆரம்பித்தது. சிங்கப்பூரிலிருந்து பார்சல் வந்த வாரம் எல்லாவற்றிலும் முந்திரி இருக்கும். புளிப்பும் காரமும் ஏறியிருந்தால் முந்தின நாள் யாரோடோ போனில் சண்டை. உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தால் எதையோ நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஒரு நாள் யானைக்குத் தும்பிக்கையே இல்லை, போட்டோவும் வரவில்லை. அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை, அவளுக்கு என்னவோ என்று அடித்துக்கொண்டது. சாயங்காலம் கேட்டில் பார்த்தால் சாதாரணமாக ஸ்கூட்டியில் உட்கார்ந்திருந்தாள், காய்ச்சல் வந்த முகம். "பாப்பா நல்லாப் படிக்குதுங்க" என்று சம்பந்தமில்லாமல் ஒன்றைச் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

என் பக்கத்திலும் ஒன்று நடந்துகொண்டிருந்தது. எனக்கென்று கிண்டிய தயிர்சாதம் பாப்பாவுக்கென்று ஆகிப்போனது. சாதத்தைக் குழைய வடித்து, பால் ஊற்றிப் பிசைந்து, கொஞ்சமாக உறை தயிர் விட்டு, மத்தியானத்துக்குள் புளிக்காதபடி பார்த்துக்கொண்டேன். மிளகாயை நிறுத்தினேன். இஞ்சி அவளுக்குப் பிடிக்காது, அதையும் நிறுத்தினேன். வெள்ளரிக்காயைத் தோல் சீவித் துருவி வெள்ளையோடு வெள்ளையாகத் தெரியாமல் கலப்பதற்கு ஒரு பக்குவம் கண்டுபிடித்தேன். அம்மா போன பிறகு அலாரம் வைத்து எழுந்தது அந்த வருஷம்தான். பாப்பா சாப்பிடும்போது அவள் கன்னத்தில் ஒட்டிய பருக்கையை எடுத்து விடுவேன். வகுப்பில் சாப்பாட்டை மாற்றித் தின்னக் கூடாது என்று டைரியிலேயே அச்சடித்திருக்கிறது. பெஞ்சு பெஞ்சாக நின்று அந்த விதியை மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவளும் நான்தான். என் வாய்க்கு இந்த ஊரில் கொஞ்சம் பேர் உண்டு. ஹெட்மிஸ்ட்ரஸே என்னிடம் யோசித்துத்தான் பேசுவார்.

அந்த வாய் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லவில்லை. கண் வைக்காதீங்க, பிள்ளை சாப்பிட்டுரும் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் தேவைப்பட்டது. முயல் இல்லாத இட்லியை, குருவி இல்லாத இடியாப்பத்தைப் பாப்பா ஆசையாகத் தின்பாள் என்று எனக்கு இரண்டாவது வாரமே தெரியும். பக்கத்துப் பிள்ளையின் வெறும் இட்லியை அவள் பார்த்த பார்வையே சொன்னது. சொல்லியிருந்தால் அம்மா செய்தது பிள்ளையின் வயிற்றுக்குப் போயிருக்கும், என் மத்தியானம் பழையபடி ஆகியிருக்கும். அதனால் சொல்லவில்லை. இன்றைக்கு எத்தனை விதமாகப் பூசி மெழுகினாலும் காரணம் அதுதான். அக்டோபரில் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவள், மார்க் சீட்டைக்கூடப் பார்க்காமல், "நல்லாச் சாப்பிடுறாளா மிஸ்?" என்று கேட்டாள். "டப்பா காலியாத்தானேங்க வருது" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை நான் சிரித்துக்கொண்டே செய்தேன். அவள் முகம் அப்படியே மலர்ந்தது. "காலையில நாலரைக்கே எந்திரிச்சிருவேன் மிஸ். வேற என்ன வேலை எனக்கு" என்றாள். அதைக் கேட்ட பிறகாவது சொல்லியிருக்க வேண்டும். அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்று நாற்காலியைக் காட்டிவிட்டேன்.

பொங்கல் லீவுக்கு முன்னால் ஒரு நாள் கோழிக்குஞ்சுகள் வந்தன. பணியாரத்தில் செய்த குஞ்சுகள், அடியில் கருப்பட்டிப் பாகு. சாப்பிட்டு முடித்தபோது டப்பா முழுக்கப் பிசுக்கு. அப்படியே பையில் வைத்தால் எறும்பு மொய்க்கும் என்று குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவினேன், கைக்குட்டையால் துடைத்தேன். ஸ்டாப் ரூமில் டீக்கு வைத்திருக்கும் சீனி டப்பா திறந்து கிடந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து பலகாரம் வந்தால் அந்தப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்ப மாட்டோம். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். அம்மா இருந்தவரை கொல்லைப்புறமாக எத்தனை கிண்ணங்கள் அப்படிப் போய் வந்திருக்கின்றன. யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் சீனியை அள்ளியது, டப்பாவில் போட்டது, மூடியை அழுத்தியது. பாப்பாவின் பைக்குள் வைத்துவிட்டு அடுத்த பீரியடுக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வீட்டில் விளக்கேற்றும்போதுதான் உறைத்தது. ஐந்து வயதுப் பிள்ளை டப்பாவைக் கழுவி, துடைத்து, சீனி போட்டு அனுப்புமா?

மறுநாள் காலையில் அவள் ஸ்கூட்டியை கேட்டில் விட்டுவிட்டு உள்ளே வந்தாள். சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் ஒரு புங்கமரம் உண்டு. "கொஞ்சம் இங்கிட்டு வாங்க மிஸ்" என்று அதனடிக்குக் கூப்பிட்டாள். பிரேயருக்குப் பிள்ளைகள் வரிசை நின்றுகொண்டிருந்தார்கள்.

"நேத்து டப்பாவுல சீனி இருந்துச்சு. பாப்பாட்ட கேட்டேன், தலையக் குனிஞ்சுக்கிட்டா. யாரு மிஸ் சாப்பிட்டது?"

"நாந்தாங்க" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நேத்து மட்டுமா?"

"ஸ்கூல் தொறந்ததுலேருந்துங்க. எல்லாத்தையும். அவளுக்கு என் சாப்பாட்டைக் குடுத்துருவேன். பட்டினி போடல."

கூச்சல் போடுவாள் என்று நினைத்தேன். போட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவள் போடவில்லை. சத்தியமாக நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டாள். "உப்பு ஒறப்பெல்லாம் சரியா இருந்துச்சா மிஸ்?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவளே சொன்னாள். "அவரு போட்டோவப் பாத்துட்டுக் கட்டைவெரலு போடுவாரு. குரூப்புல எல்லாரும் சூப்பருன்னு போடுவாங்க. வாயில வச்சுப் பாத்துச் சொல்ல யாரு இருக்கா? பாப்பா சொல்லுவான்னு கேட்டா ம்முன்னுருவா. நானும் முழுசாத் தின்னதில்ல மிஸ். வெட்டுன ஓரஞ்சாரத்த வாயில போட்டுக்குவேன், அம்புட்டுத்தான்."

எல்லாம் நல்லா இருந்துச்சுங்க என்றேன். ஊரெல்லாம் பயப்படுகிற என் வாய்க்கு அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அந்தப் புதினாச் சட்னியில் கடலை வறுத்த பதத்தைச் சொல்லியிருக்கலாம். பலாக்கொட்டை கட்லெட்டுக்கு சோம்பு போட்டதைச் சொல்லியிருக்கலாம். ஏழு மாதம் தின்றவளுக்கு ஏழு வாக்கியம் வரவில்லை. அதற்குப் பதில், இனிமேலும் மறைத்தால் பாவம் என்று, கண் விஷயத்தைச் சொன்னேன். பிள்ளைக்குச் சாப்பாட்டின் மேல் வெறுப்பு இல்லை, கண் இருந்தால் அவளுக்கு மனசு வராது, சும்மா வைத்துக் கொடுத்தால் தின்பாள் என்றேன். அதுவரை கலங்காமல் நின்றவள் முகம் அப்போதுதான் மாறியது. "கண்ணா?" என்றாள். மனசுக்குள் ஒவ்வொரு காலையாக எண்ணிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. "இதச் சொல்லிருக்கலாம்ல மிஸ்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பெல் அடித்தது. நான் பிரேயருக்குப் போனேன்.

அதற்கு அடுத்த நாள் டப்பாவில் லெமன் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் இருந்தன. வெறும் லெமன் சாதம். பாப்பா மூடியைத் திறக்கச் சொல்லி என் புடவையை இழுத்தாள், திறந்ததும் இரண்டு கையாலும் அள்ளித் தின்றாள். பக்கத்துப் பிள்ளையிடம் எங்கம்மா செஞ்சது என்று பெருமை பேசினாள். என் டப்பாவை அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாவிட்டால் அதுவும் பொய். கூடவே நெஞ்சுக்குள் ஒன்று இடிந்து விழுந்ததும் நிஜம். மிளகாய் இல்லாமல், இஞ்சி இல்லாமல், குழந்தைக்கென்று பிசைந்த அந்தத் தயிர்சாதத்தை நானே சாப்பிட வேண்டியிருந்தது. நாக்கில் ஒட்டவே இல்லை. குரூப்பில் போட்டோ வருவது நின்றுபோனது. இரண்டு மூன்று பேர் ஏங்க போடலை என்று கேட்டார்கள், பிறகு அவர்களும் மறந்துவிட்டார்கள். அவள் கேட்டுக்கு வருவாள், ஸ்கூட்டியிலிருந்து இறங்காமலே பையைக் கொடுப்பாள். பை நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய அவசியம் இல்லை இப்போது.

நாலைந்து வருஷம் ஓடிவிட்டது. அதே வகுப்பு, அதே பன்னிரண்டு பத்து மணி, வேறு முப்பது டப்பாக்கள். இந்த வருஷம் ஒரு அம்மா டைனோசர் செய்து அனுப்புகிறாள், அவள் பையன் அதன் தலையைத்தான் முதலில் கடிக்கிறான். அவன் சாப்பிட்டதையும் சாப்பிடாததையும் அன்றன்றைக்கே அவளுக்கு எழுதிவிடுகிறேன், மிச்சம் வைத்தால் மிச்சத்தோடு டப்பா வீட்டுக்குப் போகிறது. எந்த அம்மாவாவது அழுதால் அழட்டும், அது அவளுக்கும் அவள் பிள்ளைக்கும் நடுவில் இருக்கிற விஷயம். நான் என் டப்பாவை மூலை மேஜையில் வைத்துச் சாப்பிடுகிறேன். சில நாள் கடையில் வாங்கிய பிரெட். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வகுப்புச் சுவரில் நானே எழுதி ஒட்டியிருக்கிறேன், பிள்ளைகள் கோரஸாகப் படிக்கும்போது நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்வேன்.

கடைசியாகப் பாப்பாவின் அம்மாவைப் பார்த்தது அந்தப் படிப்பு வருஷம் முடிகிற ஏப்ரலில். வீட்டுக்காரருக்கு வேலை இன்னும் இரண்டு வருஷம் நீண்டுவிட்டதாம். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுத் திருமயம் பக்கம் பிறந்த வீட்டோடு போவதாக ஆபீசில் சொல்லிக்கொண்டிருந்தாள். பாப்பா கூட வரவில்லை. வராந்தாவில் எதிரெதிரே வந்துவிட்டோம். முன்னைவிட இளைத்திருந்தாள், கழுத்தெலும்பு தெரிந்தது. ஓரஞ்சாரத்தைத் தின்று உயிரோடு இருந்தவள், இப்போது வெட்டுவதற்கும் ஒன்றும் இல்லாமல் காலையில் எதைத் தின்கிறாளோ என்று எனக்கு ஓடியது. உலகத்தில் அவள் கைச்சாப்பாட்டை என்னளவுக்கு அறிந்த ஆள் வேறு யாரும் இல்லை. அவளுக்கு என் வீடு எந்தத் தெருவில் என்றுகூடத் தெரியாது. கடைவீதியில் எதிரே வருகிற பால்காரரை, பூக்காரம்மாவை, பெயர் தெரியாத பஸ் கண்டக்டரைக்கூட சாப்பிட்டாச்சா என்று கேட்காமல் நான் தாண்டியதில்லை. இந்த ஊரில் அது ஒரு பெரிய கேள்வியே இல்லை, வணக்கம் மாதிரி. ஏழு மாதத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட, அவளிடம் அதை நான் கேட்டதில்லை என்பது அந்த வராந்தாவில்தான் எனக்குத் தெரிந்தது. இப்போதாவது கேட்டுவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. எந்த வாயால் கேட்பது?

"டி.சி. வாங்கியாச்சாங்க?" என்றேன்.

"வாங்கியாச்சு மிஸ். வாரேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.